லிப்ரே ஒபிஸ் பேஸை மரியாடிபி சேவையகத்துடன் இணைத்தல்: கமக்காரர் அமைப்பு அலுவலகத்துக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றின் அலுவலகத்தை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அங்கே மூன்று கணினிகள் இருக்கும். உறுப்பினர் பெயர், காணி விவரம், சிறுபோகப் பங்கு ஆகியவை விரிதாள்களில் கிடக்கும். ஒரே விரிதாளின் நான்கு பிரதிகள் பென் டிரைவ்களில் அலையும், அவற்றுள் எது சரியானது என்பது கூட்ட நாளன்றுதான் கேள்வியாக எழும். இத்தகைய அலுவலகத்துக்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. லிப்ரே ஒபிஸ் தொகுப்பில் உள்ள பேஸ் என்ற தரவுத்தளக் கருவியும், பழைய கணினி ஒன்றில் நிறுவப்பட்ட மரியாடிபி சேவையகமும் (தரவை ஓரிடத்தில் வைத்து வலையமைப்பு வழியே மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் மென்பொருள்) போதும். கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, கடற்றொழிலாளர் சங்கம் எதற்கும் இதே வழிதான். அட்டவணைகள் மட்டும் மாறும்.

பேஸ் தனக்குள்ளேயே ஒரு தரவுத்தளத்தை வைத்திருக்கும்போது தனிச் சேவையகம் எதற்கு என்று கேட்கலாம். நானும் முதலில் அந்த உள்ளமைந்த தரவுத்தளத்தையே நம்பினேன். அதில் தரவு முழுவதும் ஓடிபி என முடியும் கோப்புக்குள் சுருக்கப்பட்டு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதில் எழுத முடியும். பதிந்தவை அந்தக் கோப்பு சேமிக்கப்படும்போதுதான் அதற்குள் நிலையாகச் சேர்கின்றன. மாரிகாலத்தில் ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் போனபோது, காலையிலிருந்து நான் இருந்து பதிந்த விவரம் அத்தனையும் அதனுடன் போயிற்று. சேவையகத்தில் ஒவ்வொரு பதிவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடனேயே வட்டில் எழுதப்படுவதால் அந்த இழப்பு ஒரு வரியோடு நின்றுவிடும். இணைத்த பிறகு ஓடிபி கோப்பில் எஞ்சுவன படிவங்களும் வினவல்களும் (தரவிடம் கேட்கும் கேள்விகள்) அறிக்கைகளும் மட்டுமே. தரவு சேவையகத்தில் இருக்கும்.

முன்குறிப்பு ஒன்று. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

சேவையகக் கணினி

நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினியே சில ஆயிரம் வரிகளுக்கு மிகையானது. அதில் உபுண்டு அல்லது டெபியன் இயங்குவதாகக் கொள்கிறேன். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சேர்வர்' என்ற கட்டளை சேவையகத்தை நிறுவும். தொடர்ந்து 'சூடோ மரியாடிபி-செக்யூர்-இன்ஸ்டலேஷன்' என்பதை இயக்கி, பெயரற்ற பயனர்களையும் சோதனைத் தரவுத்தளத்தையும் நீக்கச் சொல்லி, எல்லா உரிமையும் உடைய ரூட் பயனர் வெளிக் கணினியிலிருந்து நுழைவதையும் தடுத்துவிடுங்கள். மரியாடிபியா, அதையொத்த இன்னொரு சேவையகமான மைஎஸ்கியூஎல்லா என்று தயங்குவோருக்கு என் விடை மரியாடிபிதான். மைஎஸ்கியூஎல் 8 ஆம் பதிப்பிலிருந்து கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்புநிலை முறை மாறிவிட்டது. பேஸின் நேரடி இணைப்பி அந்த முறைக்குரிய செருகியை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுவதுண்டு. மரியாடிபியில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, இந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்று வேண்டும். ரூட்டர் ஒவ்வொரு முறையும் புதிய முகவரி கொடுத்தால் மற்றக் கணினிகள் சேவையகத்தைத் தேடி அலையும். நான் இங்கே 192.168.1.20 என்பதை எடுத்துக்கொள்கிறேன். முகவரியை ரூட்டரில் ஒதுக்கி வைப்பதைவிடச் சேவையகக் கணினியின் வலையமைப்பு அமைப்பிலேயே நேரடியாக இட்டுவிடுவது நம்மூருக்கு நல்லது. மின்சாரம் போய் வரும்போது கணினி சில வேளை ரூட்டருக்கு முன்பே எழுந்துவிடுகிறது. அந்நேரம் முகவரி கொடுக்க ஆளில்லாததால் மற்றக் கணினிகளால் சேவையகத்தை அடைய முடியாமல் போகலாம், காலையில் வந்தவர் காரணம் தெரியாமல் திகைப்பார். சிறியதானாலும் ஒரு யூபிஎஸ் சேவையகத்துக்கும் ரூட்டருக்கும் சேர்த்து இருக்கட்டும்.

தரவுத்தளமும் பயனர்களும்

'சூடோ மரியாடிபி' என்று இட்டு உள்ளே நுழைந்து, 'கிரியேட் டேட்டாபேஸ் கமம் கேரக்டர் செட் யூடிஎப்8எம்பி4 கொலேட் யூடிஎப்8எம்பி4_யூனிகோட்_சிஐ;' என்று கொடுங்கள். டெபியன், உபுண்டு பொதிகளில் யூடிஎப்8எம்பி4 என்ற இந்த எழுத்துக்குறி முறையே இயல்புநிலையாக இருந்தாலும், மரியாடிபி 11.6 க்கு முந்திய பதிப்புகளை வேறு இடத்திலிருந்து நிறுவினால் லத்தீன்1 என்ற பழைய முறை வந்து அமர்ந்துகொள்ளும். தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகும், அல்லது சேவையகம் அவற்றை ஏற்க மறுக்கும். ஆகவே வெளிப்படையாக எழுதிவிடுவதே பாதுகாப்பு. தரவுத்தளம், அட்டவணை, நிரல் (அட்டவணையின் நெடுவரிசை) ஆகியவற்றின் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே வையுங்கள். லினக்ஸில் அட்டவணைப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும், விண்டோஸில் அப்படியில்லை. இரண்டும் கலந்த அலுவலகத்தில் இந்த ஒன்றே அரை நாளைத் தின்றுவிடும்.

பயனர்கள் இருவர் போதும். பதிவு செய்வோருக்கு 'பதிவு', பார்வையிட மட்டும் வேண்டியவர்களுக்கு 'பார்வை'. 'கிரியேட் யூசர்' கட்டளையில் பயனர் பெயரை அடுத்து, அட் குறி இட்டு, '192.168.1.%' என்று எழுதினால் அலுவலக வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியிலிருந்தும் அவர் நுழையலாம், வெளியிலிருந்து நுழைய முடியாது. பின்னர் 'கிராண்ட் செலக்ட், இன்சேர்ட், அப்டேட், டெலீட் ஒன் கமம்.*' என்று முதலாமவருக்கும், 'கிராண்ட் செலக்ட்' மட்டும் இரண்டாமவருக்கும் கொடுங்கள். அட்டவணையை உருவாக்கும், அழிக்கும் உரிமை இருவருக்கும் வேண்டாம்; அந்த வேலையைச் சேவையகத்தில் 'சூடோ மரியாடிபி' வழியாகவே செய்யுங்கள். பேஸின் அட்டவணைப் பட்டியலில் வலது சொடுக்கில் நீக்கும் கட்டளை மிகக் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

வெளிக் கணினிகளுக்குக் கதவைத் திறத்தல்

புதிதாக நிறுவிய மரியாடிபி தன் கணினிக்குள் இருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே செவிசாய்க்கும். 'இடிசி' கோப்புறையினுள் 'மைஎஸ்கியூஎல்', அதனுள் 'மரியாடிபி.கொன்ப்.டி' என்று போனால் '50-சேர்வர்.சிஎன்எப்' என்ற கோப்பு இருக்கும். அதில் 'பைண்ட்-அட்ரஸ்' என்ற வரியில் உள்ள 127.0.0.1 என்பதை 0.0.0.0 என மாற்றிச் சேவையகத்தை மீள இயக்குங்கள். எல்லா முகவரிகளிலும் செவிசாய்க்கச் சொல்வது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் காவல் வேலையைத் தீச்சுவரிடம் (யாருடைய அழைப்பை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் மென்பொருள்) ஒப்படைக்கிறோம். 'சூடோ யூஎப்டபிள்யூ அலவ் ப்ரொம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 3306' என்ற கட்டளை அலுவலக வலையமைப்புக்கு மட்டும் 3306 ஆம் போர்ட்டை, அதாவது மரியாடிபிக்கு அழைப்புகள் வரும் எண்ணிட்ட வாசலை, திறக்கும். அதன்பின் 'சூடோ யூஎப்டபிள்யூ எனேபிள்' என்று தீச்சுவரை இயக்குங்கள். சேவையகத்தைத் தொலைவிலிருந்து கையாள்பவரானால் அதற்குரிய எஸ்எஸ்எச் இணைப்பின் போர்ட்டை முன்கூட்டியே அனுமதித்துவிட வேண்டும். ரூட்டரில் இணையத்திலிருந்து 3306 க்கு வழி திறந்துவிடும் வேலையை மட்டும் யார் கேட்டாலும் செய்யாதீர்கள். உறுப்பினரின் அடையாள அட்டை எண்ணும் காணி விவரமும் அதற்குள்தான் இருக்கின்றன.

அட்டவணைகள்

இணைப்பைவிட அதிக சிந்தனையைக் கேட்கும் இடம் இது. இங்கே பிழைத்தால் பேஸில் எவ்வளவு அழகாகப் படிவம் அமைத்தும் பயனில்லை.

உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, காணிக்கு ஓர் அட்டவணை, போகப் பங்குக்கு ஓர் அட்டவணை என மூன்று வேண்டும். விரிதாளில் நாம் வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு புதிய நிரலைச் சேர்ப்பது. சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. எவ்வளவு ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தரவுத்தளத்தில் அந்த மாற்றம் கீழ்நோக்கி வளர வேண்டும்: ஓர் உறுப்பினர், ஒரு காணி, ஓர் ஆண்டு, ஒரு போகம், ஓர் அளவு என்பது ஒரு வரி. அப்போதுதான் கடந்த ஐந்து சிறுபோகங்களிலும் பங்கு கிடைக்காதவர் யார் என்ற கேள்விக்கு ஒரே வினவலில் விடை வரும். கூட்டத்தில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் தானாகக் கூடும் எண் ஒன்றை முதன்மைத் திறவுகோலாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நிரலாக, வையுங்கள். முதன்மைத் திறவுகோல் இல்லாத அட்டவணையைப் பேஸ் பார்க்க விடுமே தவிர அதில் எழுத விடாது. 'இணைத்துவிட்டேன், ஆனால் பதிய முடியவில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெயரைத் திறவுகோலாக்க முடியாது, ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உடையோர் ஒரே வாய்க்காலில் இருவர் இருப்பர். அடையாள அட்டை எண்ணும் அதற்குப் பொருந்தாது, ஏனெனில் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கமும் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு முறையும் இரண்டு எண்ணைக் காட்டக்கூடும். அதை 12 எழுத்து உரை நிரலாக வைத்து, மறுபடியும் வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் இடுங்கள். தொலைபேசி எண்ணும் உரைதான். எண் வகையில் வைத்தால் முன்னிருக்கும் பூச்சியம் போய்விடும்.

காணி அனுமதிப் பத்திர எண்ணுக்குரிய நிரலை வெறுமையாக விட அனுமதியுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்து, மறு பிரதிக்காக இன்னும் அலைபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டாய நிரலாக்கினால் பதிபவர் எதையாவது பொய்யாக இட்டு நிரப்புவார். மீள்வரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தாலும் வெற்று மதிப்புகள் எத்தனை வந்தாலும் மரியாடிபி தடுக்காது. ஏக்கர் அளவுக்கு 'டெசிமல்' வகையைக் கொடுங்கள். 'ப்ளோட்' வகையில் கூட்டுத்தொகை நூலிழை அளவு பிசகும், அந்த நூலிழையைக் கண்டுபிடிப்பவர் கணக்காய்வுக்கு வருபவராகவே இருப்பார்.

உரை நிரல்களின் நீளத்தில் தமிழுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. 'வார்கார்' என்ற உரை வகையில் குறிக்கும் எண் யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை. நாம் ஓர் எழுத்தாக எண்ணும் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறிகளாகும், புள்ளி வைத்த மெய்யும் இரண்டாகும். கிளிநொச்சி நமக்கு ஐந்து எழுத்து, தரவுத்தளத்துக்குப் பத்து. புதுக்குடியிருப்பு நமக்கு ஒன்பது, அதற்குப் பதினெட்டு. ஊர்ப் பெயர்தானே என்று 15 கொடுத்தவருக்குக் கிளிநொச்சி உள்ளே போகும், புதுக்குடியிருப்பு 'தரவு நீளம் கூடியது' என்று திரும்பி வரும். ஊருக்கு 60, பெயருக்கு 150 என்று தாராளமாகக் கொடுங்கள். பயன்படாத நீளம் வட்டில் இடம் பிடிக்காது.

பேஸிலிருந்து இணைத்தல்

இப்போது பதிவு செய்யும் கணினிக்கு வருவோம். விண்டோஸில் லிப்ரே ஒபிஸ் 6.2 முதல் நேரடி இணைப்பி தொகுப்புடனேயே வருகிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் 'லிப்ரேஒபிஸ்-பேஸ்', 'லிப்ரேஒபிஸ்-எஸ்டிபிசி-மைஎஸ்கியூஎல்' என்ற இரண்டு பொதிகளைத் தனியே நிறுவ வேண்டும்.

பேஸைத் திறந்ததும் வழிகாட்டிச் சாளரம் வரும். அதில் ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்துடன் இணைக்கும் தெரிவை எடுத்து, கீழ்விரி பட்டியலில் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்பதைத் தெரிந்து அடுத்த பக்கம் செல்லுங்கள். அங்கே ஓடிபிசி, ஜேடிபிசி, நேரடி என மூன்று வழிகள் காட்டப்படும். நேரடி வழியை எடுங்கள். தரவுத்தளப் பெயராகக் கமம், சேவையகமாக 192.168.1.20, போர்ட்டாக 3306 என்பவற்றை இட்டு, அடுத்த பக்கத்தில் 'பதிவு' என்ற பயனர் பெயரைக் கொடுத்து, கடவுச்சொல் தேவை என்ற கட்டத்தில் சரிக்குறி இடுங்கள். அதே பக்கத்தில் இணைப்பைச் சோதிக்கும் பொத்தான் இருக்கிறது. வெற்றிச் செய்தி வராமல் மேற்கொண்டு நகராதீர்கள். இறுதிப் பக்கத்தில் தரவுத்தளத்தை லிப்ரே ஒபிஸில் பதிந்துகொள்ளச் சொன்னால், பிறகு அதன் விரிதாள் கருவியான கல்க்கிலும் ஆவணக் கருவியான ரைட்டரிலும் அதே தரவைப் பயன்படுத்தலாம். கூட்ட அழைப்புக் கடிதங்களை உறுப்பினர் பெயரிட்டு அச்சிட அது உதவும்.

ஓடிபி கோப்பை ஒவ்வொரு கணினியிலும் தனிப் பிரதியாக வையுங்கள். பகிர்ந்த கோப்புறையில் ஒரே பிரதியை வைத்தால் இரண்டாவதாகத் திறப்பவருக்கு அது படிக்க மட்டுமே கிடைக்கும். படிவத்தை மாற்றும்போது மூலப் பிரதியில் மாற்றி மற்றவற்றுக்கு அனுப்பினால் போதும்.

ஜேடிபிசி வழிக்கு ஜாவா வேண்டும். லிப்ரே ஒபிஸும் ஜாவாவும் ஒரே பிட் வகையாக இருக்க வேண்டும்; ஒன்று 64 பிட்டானால் மற்றதும் 64 பிட்டே. மரியாடிபியின் ஜேடிபிசி இயக்கியான ஜார் கோப்பைத் தெரிவுகளின் மேம்பட்ட பகுதியில் உள்ள வகுப்புப் பாதையில் சேர்த்து, லிப்ரே ஒபிஸை மூடித் திறக்க வேண்டும். நேரடி வழி ஒத்துழைக்காதபோது மட்டும் இதற்கு வாருங்கள். எனினும், பேஸின் அறிக்கை வடிவமைப்பிக்கு எப்படியும் ஜாவா தேவைப்படும். ஓடிபிசியை எடுப்பவர் இயக்கியில் யூனிகோட் என்று பெயருள்ளதைத் தெரிவு செய்தால் போதும்.

சேவையகமாக மரியாடிபிக்குப் பதில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருள் இருந்தால் போர்ட் 5432. பேஸின் பட்டியலில் அதற்கும் நேரடி இயக்கி உண்டு. சேவையகத்தின் பக்கம் செவிசாய்க்கும் முகவரியையும் 'பிஜி_எச்பிஏ' கோப்பில் அலுவலக வலையமைப்பையும் அனுமதிக்க வேண்டும்.

பழைய விரிதாள்களைக் கொண்டு வருதல்

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட விரிதாள்களை அப்படியே ஏற்றாதீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு மாறினால் வேடம் கலைந்துவிடும், தேடலிலும் அகரவரிசையிலும் குழப்பமே மிஞ்சும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களை ஒருமுறை கண்ணால் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னர் கல்க்கில் தலைப்பு வரியுடன் பகுதியைத் தெரிந்து படியெடுத்து, பேஸின் அட்டவணைப் பட்டியலில் ஒட்டினால் ஒரு சாளரம் வரும். அதில் சேவையகத்திலுள்ள அட்டவணையின் பெயரை இட்டு, தரவைச் சேர்க்கும் தெரிவை எடுத்து, எந்த நிரல் எதனுடன் பொருந்தும் என்பதை அடுத்த பக்கத்தில் மேலும் கீழும் நகர்த்திச் சரிசெய்யுங்கள். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

ஏற்றியவற்றைச் சோதிக்க, சேவையகத்தில் ஊர்ப் பெயருக்கு 'கார்_லெங்த்' (குறிகளின் எண்ணிக்கை), 'லெங்த்' (பைட்டுகளின் எண்ணிக்கை) என்ற இரண்டு அளவுகளையும் கேளுங்கள். கிளிநொச்சிக்கு 10, 30 என்று வந்தால் எல்லாம் சரி. 11, 33 என்று வந்தால் 'நொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யாரோ ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் தேடும்போது தொல்லை தரக்கூடும் என்பதால் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

படிவங்களும் அன்றாட வேலையும்

உறுப்பினர் விவரம் மேலே, அவருடைய காணிகள் கீழே துணைப்படிவமாக என்ற அமைப்பே பதிபவருக்கு இலகுவானது. இரண்டையும் இணைப்பது உறுப்பினர் எண். வாய்க்கால், ஊர் போன்றவற்றைத் தட்டச்சிட விடாமல் பட்டியலிலிருந்து தெரிய விடுங்கள், இல்லாவிடில் ஒரே ஊர் மூன்று எழுத்துக்கூட்டலில் முளைக்கும். படிவத்தின் உரைக்கட்டப் பண்புகளில் வெற்று உரையை வெறுமையாகக் கொள்ளும் தெரிவு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால், பத்திர எண் இல்லாத இரண்டாம் ஆளைப் பதியும்போதே மீள்வரவு என்று சேவையகம் மறுக்கும்.

வேறொருவர் செய்த மாற்றம் உங்கள் திரையில் தானாகத் தோன்றாது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சேவையகத்தில் புதிய அட்டவணை உருவாக்கினாலும் அப்படித்தான், பார்வைப் பட்டியில் அட்டவணைகளைப் புதுப்பித்தால்தான் தெரியும். இருவர் ஒரே உறுப்பினரின் பதிவைத் திருத்தி மோதிக்கொள்ளாதிருக்க வாய்க்கால் வாரியாக வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வினவலில் மரியாடிபிக்கே உரிய செயற்கூறுகளைப் பேஸ் புரிந்துகொள்ளாதபோது எஸ்கியூஎல்லை (தரவுத்தளங்களின் வினவல் மொழியை) நேரடியாக இயக்கும் தெரிவை அழுத்தலாம். ஆனால் அப்படி வரும் விடையில் திருத்தம் செய்ய முடியாது.

காப்புப் பிரதிக்கு 'மரியாடிபி-டம்ப் --சிங்கிள்-டிரான்சாக்ஷன் கமம்' என்ற கட்டளையின் வெளியீட்டைத் தேதியிட்ட கோப்பில் சேமியுங்கள். இரவில் கணினியை அணைக்கும் அலுவலகத்தில் நள்ளிரவுக்கு நேரம் குறிப்பது வீண். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக இயக்கும் கிரொன் அட்டவணையில் மதிய உணவு நேரத்தைக் கொடுங்கள். வாரம் ஒரு பிரதி அலுவலகத்துக்கு வெளியே போகட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறு பெயரில் ஒரு தரவுத்தளமாக மீட்டுப் பார்க்காவிட்டால், உங்களிடம் இருப்பது காப்புப் பிரதிதானா என்பது தெரியாது. ஓடிபி மூலப் பிரதியையும் கூடவே எடுங்கள்.

பிழைச் செய்திகள்

2002 அல்லது 2003 என்ற எண் வந்தால் அழைப்பு சேவையகத்தைச் சென்றடையவில்லை. கேபிள், சேவையகம் எழுந்துள்ளதா என்பது, பைண்ட் முகவரி, தீச்சுவர் என்ற ஒழுங்கில் பாருங்கள். 1130 வந்தால் சேவையகத்தை அடைந்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் கணினியின் முகவரிக்கு அனுமதியில்லை. 1045 கடவுச்சொல் பிழை, அல்லது அந்தப் பெயருடன் அந்த முகவரிக்குப் பயனர் இல்லை. 1146 இல்லாத அட்டவணை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து குழம்பியிருக்கும். இரவு முழுவதும் திறந்து விட்ட கோப்பில் காலையில் 'சேவையகம் போய்விட்டது' என்று வந்தால் பதறவேண்டாம், எட்டு மணிநேரம் சும்மா இருந்த இணைப்பைச் சேவையகமே முறித்துவிட்டது; மூடித் திறந்தால் சரி. தமிழ் கட்டங்களாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேள்விக்குறிகளாகத் தெரிந்து, 'லெங்த்' அளவிலும் கிளிநொச்சிக்கு 30 க்குப் பதில் 10 வந்தால், எழுத்துகள் ஏற்றும்போதே அழிந்துவிட்டன. நிரலின் எழுத்துக்குறி முறையைத் திருத்திவிட்டு விரிதாளிலிருந்து மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை, ஆகையால் அந்த விரிதாளை இரண்டு போகமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.